ஒரு நாள் முன்னால் போன சத்தம்

ஆனைப்பள்ளத்தில் ஒரு சின்னக் காரின் சத்தம் காரைவிட ஒரு நாள் முன்னால் போய்க்கொண்டிருந்த அந்த முப்பத்தொன்பது நாட்களில், ஊரில் யாரும் அதைக் கேட்டு வாயைப் பிளந்து நிற்கவில்லை, ஏனென்றால் வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற ஊரில் வாயைப் பிளந்து நிற்க யாருக்கும் நேரமில்லை. சத்தம் வந்தது, கேட்டார்கள், நாளைக்கு இன்ன வீட்டுக்குக் கார் வரும் என்று தெரிந்துகொண்டார்கள், அறுந்த நூலை முடிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். பயந்தது மரகதம் ஒருத்திதான். அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது, அந்தக் காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவும் முடியாது. அதைச் செய்துவைத்தவளே அவள்தான்.

மரகதத்தின் வீட்டுக்காரர் குழந்தைவேல் கல்யாணத் தரகர். நாமக்கல் முதல் காங்கேயம் வரை எந்த வீட்டில் எத்தனை வயதில் பெண் இருக்கிறது, எந்தப் பையனுக்கு முன்நெற்றி ஏறிவிட்டது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். பதினோரு வருசமாக அவரிடம் இருந்தது ஒரு வெள்ளைச் சின்னக் கார். அதில் எல்லாம் ஓடும், ஹேண்ட் பிரேக் மட்டும் பிடிக்காது. மேடோ பள்ளமோ எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும். அதற்கென்றே பின்சீட்டின் கீழே முக்கோணமாக ஒரு கருங்கல் கிடந்தது, அதைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்குவது மரகதத்தின் வேலை. தரகர் பிரேக்கை மிதித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார், இவள் குனிந்து கல்லை வைத்து "ஆச்சுங்க" என்று சொன்ன பிறகுதான் காலை எடுப்பார். மாப்பிள்ளை வீட்டு வாசலில் பட்டுப் புடவையோடு குனிந்து கல் வைக்கிற ஒரே தரகர் பெண்சாதி அந்த ஜில்லாவிலேயே இவள்தான் என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், இவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஐம்பத்தெட்டு வயதில் குழந்தைவேலுக்கு ஒரு ஆசை வந்தது. போர்வெல் லாரி வைத்திருக்கிறவன் வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கிறது, தான் போய் வாசலில் நின்று நாலு தடவை தொண்டையைக் கனைத்தாலும் உள்ளேயிருந்து யாரென்று கேட்பதில்லை, ஆகவே காருக்குத் தடிமனான ஒரு புது சைலென்சர் மாட்டி, வரும்போதே 'தரகர் வர்றார்' என்று ஊருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அந்த ஆசை. இந்த வயதில் இது தேவையா என்று மரகதம் கேட்டாள். தேவைதான் என்றார்.

சைலென்சர் மாட்டுவதற்கு பைபாஸ் ஓரத்தில் ஷெட் வைத்திருந்த அர்த்தநாரியிடம் போனார்கள். அர்த்தநாரி காரை நாலு ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, கீழே படுத்துப் பார்த்துவிட்டு, துருவேறிய போல்ட்டுகளைத் தட்டினார், எண்ணெய் விட்டார், நெருப்புக் காட்டினார், ஒன்று வந்தது, ஒன்று வழுக்கியது, ஒன்று தலை முறிந்து உள்ளேயே நின்றுகொண்டது. பழைய குழாயை அறுத்து எடுத்து, புதுக் குழாயைக் கட்டுக்கம்பியால் தொங்கவிட்டு, "இன்னைக்கு முடியாதுங்க்கா, நாளைக்குத்தான் வெல்டிங்கு வெக்கோணும்" என்றார்.

"நாளைக்கு அஷ்டமி," என்றாள் மரகதம்.

"அப்ப அதுக்கு மறுநா."

"அது நவமி. அஷ்டமி நவமில புதுசு மாட்டி வண்டிய எடுக்கறதாவது. ஏனுங்க அர்த்தநாரி, பூசைய இப்பவே போட்ரலாம். நல்ல நேரம் பத்தரைக்கு. அப்பறம் நாளைக்கு நீங்க மாட்டிக்கங்க, அது வெறும் வேலைதானே."

"மாட்டாததுக்கு எப்புடிங்க்கா பூச போடறது?"

"மாட்டுனாப்புல நெனச்சுக்கங்க," என்றாள் மரகதம், அவள் சொன்னால் மறுத்துப் பேசுகிற பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

சக்கரம் தரையில் இல்லாததால் சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து, அதன்மேல் எலுமிச்சம்பழத்தை வைத்து, பலகையை முட்டுக்கொடுத்து, அர்த்தநாரி கையாலேயே சக்கரத்தைச் சுற்றி நாலு பழத்தையும் நசுக்கினார். கம்பியில் தொங்கிய குழாய்க்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். தட்டு மூன்றாவது சுற்று வரும்போது, சாவி குழந்தைவேலின் சட்டைப்பையில் இருக்க, எஞ்சினுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு முழம் வெறும் காற்று இருக்க, அந்தக் குழாயிலிருந்து காரின் சத்தம் எழுந்தது, தடித்த, கனத்த, லாரிக்காரர்களே திரும்பிப் பார்க்கிற சத்தம், அது ஷெட்டுக்குள் கொஞ்ச நேரம் நின்று உறுமிவிட்டு, முதல் கியர் போட்டு, மேட்டிலிருந்து இறங்கி, பைபாஸில் ஏறி, இரண்டாவது, மூன்றாவது என்று மாற்றிக்கொண்டு ஆனைப்பள்ளத்தைப் பார்க்கப் போய்விட்டது. கார் ஜாக்கியின் மேலேயே இருந்தது. ரோட்டில் படுத்திருந்த நாய் எழுந்து ஒதுங்கி வழிவிட்டு, போனது என்னவென்று பார்த்துவிட்டு, மறுபடியும் படுத்துக்கொண்டது.

"சத்தம் நல்லாத்தான் இருக்குதுங்க," என்றார் குழந்தைவேல்.

மறுநாள் வெல்டிங் வைத்து, ரப்பர் மாட்டி, கிளாம்ப் முறுக்கி, குழாய் வாயில் ஈரச்சாக்கை அடைத்து எங்கேயாவது காற்றுக் கசிகிறதா என்றும் பார்த்துவிட்டு அர்த்தநாரி காரை இறக்கினார். பத்தரைக்கு ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் ஓடியது, புகை வந்தது, ஸ்டியரிங் நடுங்கியது, சத்தம் மட்டும் இல்லை. பூனை நடப்பதுபோல் கார் ஊர் போய்ச் சேர்ந்தது. வாசலில் கல் வைக்கக் குனிந்தபோது, நாளைக்கு இந்தக் கார் கிளம்பப்போகிற சத்தம் தலைக்கு மேலேயே மரகதத்துக்குக் கேட்டது. நல்ல நேரத்தில் பிறந்த சத்தத்துக்கு ஒரு நாள் வயது கூடிவிட்டது, வண்டி இனி எவ்வளவு ஓடினாலும் அதை எட்டிப் பிடிக்காது என்று அவளுக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது.

ஊர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டது. சத்தம் எந்த வீட்டு முன்னால் நின்றதோ அந்த வீட்டில் அன்றைக்கே ஒட்டடை அடித்தார்கள், பெண்ணுக்கு ஒரு நாள் முன்னதாகவே எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினார்கள், ரவை வாங்கி வைத்தார்கள். சத்தம் நிற்காமல் போன வீட்டில் முப்பத்திரண்டு வயதுப் பையன்கள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்கள். டீக்கடைப் பாவாயி, நாளைக்குத் தரகர் தன் கடையில் எத்தனை மணிக்கு நிற்பார் என்று தெரிந்துகொண்டு அந்த நேரத்துக்கு வடை போட்டாள். தன் தொழிலில் இப்படி ஒரு மரியாதையைக் குழந்தைவேல் கண்டதில்லை. போகிற இடமெல்லாம் கோலம் போட்டு வைத்திருந்தார்கள்.

இந்தச் சத்தம் பொய் சொல்லாது என்பது பதினாறாம் நாள் சத்தத்தில் நிச்சயமானது. அன்றைக்கு அது குழந்தைவேலின் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றது. அண்ணன் தம்பிக்குள் ஒன்பது வருசமாகப் பேச்சில்லை. "செத்தாலும் போகமாட்டேன்" என்று குழந்தைவேல் மறுநாள் சாவியை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டு நிறைமாசப் பெண்ணுக்கு வலி எடுத்தது, தெருவில் வேறு வண்டி இல்லை, அரிசியைக் கொட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்கள், டயர் சரியாக அண்ணன் வாசலில் வெடித்தது. அண்ணன்தான் ஜாக்கி எடுத்துக்கொண்டு வந்தார். நேற்றுச் சத்தம் அங்கே எவ்வளவு நேரம் நின்றதோ அவ்வளவு நேரத்தில் டயரை மாற்றிவிட்டார்கள். அண்ணன் தம்பி சேர்ந்துகொண்டதில் ஊருக்கு மகிழ்ச்சி. மரகதம் மட்டும் அன்றிலிருந்து சத்தம் கிளம்பும்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு, அது திரும்பி வாசலுக்கு வந்து நிற்கிறவரைக்கும் நின்றபடியே இருந்தாள். திரும்பி வந்தால் நாளைக்கு அவர் திரும்பி வருவார், வராவிட்டால் வரமாட்டார், இவ்வளவுதான் கணக்கு.

முப்பத்தெட்டாம் நாள் காலை பத்து இருபதுக்குச் சத்தம் வாசலிலிருந்து கிளம்பியது. முதல் கியரில் ரொம்ப தூரம் இழுத்தது. இரண்டாவது போடும்போது கர்ரென்று பல்லைக் கடித்தது. பாவாயி கடைக்கு முன்னால் அணைந்தது, மறுபடி எழுந்தது, மறுபடி அணைந்தது. பிறகு பள்ளிக்கூடத்தைத் தாண்டி, ஊருக்கு வெளியே சரிவில் இருக்கிற தொட்டிக்கிணற்றுப் பக்கம் திரும்பியது. அது சுற்றுச்சுவர் இடிந்துபோன பாழுங்கிணறு, அறுபதடி ஆழம், அதில் பாதிக்குத் தண்ணீர். சத்தம் கிணற்று ஓரத்தில் போய் நின்றது. அணையவில்லை. ஒரு படி அரிசி வேகிற நேரம் அங்கேயே நின்று மெதுவாக உறுமிக்கொண்டிருந்தது. பிறகு சரசரவென்று கீழே போனது, பிறகு தண்ணீருக்குள்ளிருந்து குளுகுளுவென்று கொஞ்ச நேரம் வந்தது, பிறகு ஆனைப்பள்ளத்தில் ஒரு தறியும் ஓடவில்லை.

தரகர் வீட்டுக்கு முதலில் வந்தது பாவாயிதான், கையெல்லாம் மாவோடு வந்தாள். "ஏனுங்ணா, உங்களுக்கு என்ன கொற?" என்று கேட்டுவிட்டு அழுதாள். ஊர் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. தவறி விழுகிற கார் கிணற்று ஓரத்தில் அவ்வளவு நேரம் நிற்காது, நின்று யோசித்துவிட்டு இறங்குகிற கார்தான் அப்படி நிற்கும், தரகர் மனசுக்குள் எதையோ வைத்திருக்கிறார் என்று முடிவுசெய்து ஒவ்வொருவராக வந்தார்கள். அவர் பார்த்துவைத்த சம்பந்தத்தை ஒரு வருசம் திட்டித் தீர்த்தவர்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் வந்து தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தொடையில் கையை வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க," என்று குழந்தைவேல் எல்லோரிடமும் சொன்னார். சாயந்திரம் எல்லோரும் போன பிறகு, பெண்சாதியிடம் வேறு மாதிரி சொன்னார்.

"மரகதம், எனக்கு என்னையப் பாத்தாலே பயமா இருக்குது. இப்ப நல்லாத்தான் இருக்கறேன். நாளைக்குப் பத்து மணிக்குள்ள எனக்குள்ள என்ன வந்துருமோ தெரியலியே."

"உங்களுக்கு ஒண்ணும் வராது."

"நீ எப்புடிச் சொல்ற?"

அதை மரகதம் எப்படிச் சொல்லுவாள்? அவர் கண்ணில் புரை விழுந்துகொண்டிருந்தது, நாளைக்கே அவரால் ஓட்ட முடியாமல் போனால் தொழில் நின்றுவிடும் என்று பயந்து, செவ்வாயும் வெள்ளியும் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஐம்பத்திரண்டு வயதில் அவள் திருச்செங்கோட்டில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். முதல் கியரில் ரொம்ப தூரம் இழுப்பாள். ஆள் கூட்டம் கண்டால் கிளட்சை விட்டு வண்டியை அணைப்பாள். "ரெண்டாவதுல ஏனுங்க்கா இப்புடிக் கடிக்கறீங்க, பாவமுங்க்கா அது" என்று மாஸ்டர் கும்பிடாத குறையாகக் கேட்பார். காலையில் தெருவில் அந்தக் கர்ரென்ற கடிப்பைக் கேட்ட நிமிசமே, நாளைக்கு அந்தக் காரில் இருக்கப்போவது யார் என்று ஆனைப்பள்ளத்தில் அவள் ஒருத்திக்குத் தெரிந்துவிட்டது. குழாய் தன் கதையை மட்டும்தான் சொல்லும். உள்ளே இருக்கிறவள் கத்தினாளா, குதித்தாளா, வெளியே வந்தாளா என்பதை அது சொல்லாது.

அன்றைக்கு இரவு முழுக்க அவள் தூங்கவில்லை. சாகப் பயமாக இருந்தது, அதைவிட, எதற்காகத் தான் நாளைக்கு அங்கே போவோம் என்று தெரியாதது பயமாக இருந்தது. விடிகிற நேரத்தில் அதுவும் தெரிந்துவிட்டது. அரிசிப் பானைக்குள் சாவியைப் புதைத்தும் டயர் அண்ணன் வாசலில் வெடித்ததே, அந்த மாதிரி, யார் போகாவிட்டாலும் கார் போகத்தான் போகிறது, தான் எடுக்காவிட்டால் ஏதாவது ஒரு காரணத்தைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்துத்தான் கொண்டுபோகும். அதனால் தானே ஓட்டிக்கொண்டுபோய்ச் சரிவில் நிறுத்திவிட்டு இறங்கிவிட வேண்டும், ஆளில்லாத காரைக் கிணறு எடுத்துக்கொள்ளட்டும், பூசையைப் போடச் சொன்ன வாய்க்கு இதுவே பரிகாரம் என்று முடிவுசெய்தாள்.

முப்பத்தொன்பதாம் நாள் காலை ஊரே சேர்ந்து குழந்தைவேலை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்து, கம்பிக்கதவைச் சாத்தி, பூட்டி, சாவியைப் பூசாரி இடுப்பில் முடிந்துவிட்டு, சுற்றி உட்கார்ந்தது. கார்ச் சாவி அண்ணனிடம் இருந்தது. இரண்டாவது சாவி மரகதத்தின் அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் இருந்தது. பத்து இருபதுக்குச் சக்கரத்திலிருந்து கல்லை எடுத்து, பழக்கத்தில் பின்சீட்டின் கீழே போட்டுவிட்டு, அவள் காரை எடுத்தாள். சத்தம் நேற்றே போய்விட்டதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் கியரில் ரொம்ப தூரம் இழுத்தாள். இரண்டாவதில் கடித்தாள். டீக்கடை ஆளில்லாமல் கிடந்தது, ஆனாலும் அங்கே அணைந்தது, எடுத்தாள், மறுபடியும் அணைந்தது, எடுத்தாள்.

சரிவில் மண் இளகியிருந்தது. அவள் நினைத்த இடத்தில் கார் நிற்கவில்லை. கோணலாகச் சறுக்கிக்கொண்டு இறங்கி, அவள் பிரேக்கை இரண்டு காலாலும் மிதிக்க, கிணற்று வாயில் போய் நின்றது. வலப்பக்கக் கதவுக்கு வெளியே கால் வைக்கத் தரை இல்லை, கீழே பச்சைத் தண்ணீர் தெரிந்தது. இடப்பக்கம் இறங்கலாம், ஆனால் அந்தப் பக்கம் நகர வேண்டுமென்றால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். சாவியைத் திருகி வெளியே எடுத்தாள். ஸ்டியரிங் நடுங்கிக்கொண்டேதான் இருந்தது, நேற்று அணையாத எஞ்சின் இன்றைக்கு எப்படி அணையும்? ரிவர்ஸ் விழவில்லை. அப்போதுதான் அவளுக்குக் கல் ஞாபகம் வந்தது. பதினோரு வருசமாகக் கார் நின்றால் யாராவது இறங்கிக் கல் வைப்பார்கள், அந்த யாராவது தான்தான் என்பதை அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போது யோசிக்கவே இல்லை.

அதனால்தான் நேற்றுச் சத்தம் அவ்வளவு நேரம் நின்றிருக்கிறது. யாரும் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

ஏற்கெனவே வலிக்கிற வலது முட்டி கொஞ்ச நேரத்தில் எரிய ஆரம்பித்தது, பிறகு நடுங்க ஆரம்பித்தது. ஹாரனை அடித்தாள். ஊர் முழுக்கக் கோயிலில் இருந்தது. ஒரு படி அரிசி வேக எவ்வளவு நேரம் என்று அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? நீர் கொதிக்கிற நேரம் போயிற்று. அரிசி புரள்கிற நேரம் போயிற்று. மாரியம்மா, மாரியம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தவள், கஞ்சி வடிக்கிற நேரம் வந்தபோது அதையும் நிறுத்திவிட்டு வாய்விட்டு அழுதாள், சின்னப்பிள்ளை மாதிரி, "எனக்குப் பயமா இருக்குது, எனக்குப் பயமா இருக்குது" என்று.

இடப்பக்கப் பின்கதவு திறந்தது. குழந்தைவேல், ஒரு காலில் செருப்பில்லாமல், மூச்சு வாங்க, நெற்றியில் ரத்தத்தோடு, பின்சீட்டின் கீழே கையை விட்டுக் கல்லை இழுத்தார்.

"எந்தப் பக்கம் புள்ள வெக்கறது?"

"முன்னால! முன்சக்கரத்துக்கு முன்னால! கூரு உள்ள போறாப்புல!"

அவர் ஒருநாளும் கல் வைத்தவரில்லை. கூர்முனையை வெளியே விட்டுத் திருப்பி வைத்தார். "ஆச்சு," என்றார். அவள் காலை எடுத்தாள். கல் தன் தப்பான பக்கத்தைக் காட்டிக்கொண்டு ஒரு மூச்சு விடுகிற நேரம் தாங்கியது, அந்த ஒரு மூச்சுக்குள் அவர் இடப்பக்க முன்கதவைத் திறந்து, அவளைக் கையைப் பிடித்து இழுக்க, இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள். கல் புரண்டது. வெள்ளைக் கார் எந்த உறுமலும் இல்லாமல் சரிவில் இறங்கி, தலைகுப்புறத் தண்ணீரில் விழுந்து, கொஞ்ச நேரம் குமிழி விட்டது. குமிழிகளுக்கும் சத்தமில்லை.

பூட்டை உடைத்துக்கொண்டு ஓடியவரைத் துரத்தி வந்த ஊர், மேட்டிலேயே நின்றுவிட்டது.

"எப்புடிங்க வந்தீங்க?" என்று மரகதம் கேட்டாள்.

"மண்டபத்துல சும்மா உக்காந்திருக்கயில யோசிச்சேன். இத்தன வருசத்துல நான் ஒருநாளும் ரெண்டாவது கியரக் கடிச்சதில்லையேன்னு. சுத்திப் பாத்தா எல்லாரும் இருக்கறாங்க, நீ இல்ல. கதவுல மண்டைய மோதித்தான் தெறந்தேன்." முந்தானையை எடுத்துக் கொடுத்தாள், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார், "நேத்து அந்தச் சத்தத்துல நான் வந்தது ஒனக்குக் கேட்டுச்சா? கதவத் தெறந்தது, கல்லு வெச்சது?"

"இல்லீங்க. குழாச் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு."

"அப்ப நான் வருவேன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாது," என்றாள் மரகதம். 

கல் கிணற்று விளிம்பில் ஒரு எருக்கஞ்செடியில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தது. குழந்தைவேல் நெஞ்சால் ஊர்ந்துபோய் அதை எடுத்துக்கொண்டு வந்தார். இனி அதற்கு வேலை இல்லை என்று அண்ணன் சொன்னதைக் காதில் வாங்காமல், தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லாத வெயில் ரோட்டில் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டு வாசலுக்கு வந்ததும், கார் நிற்கிற இடத்தில் சிந்தியிருந்த எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில் குனிந்து, கூர்முனையை உள்ளே பார்த்துத் திருப்பி, கல்லைக் கீழே வைத்தார்.

"இப்ப சரிங்களா?" என்று கேட்டார்.

"ஆச்சுங்க," என்றாள் மரகதம்.